மருந்தா, பருந்தா?

கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, சத்தமே வராமல் 'மருந்து' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'பருந்து' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திறக்கும். மணி - பணி, மாலை - பாலை, மாடு - பாடு என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். 'காலையில வாங்க' என்பதும் 'நாளைக்கு வாங்க' என்பதும் ஆரம்பத்தில் உதட்டளவில் ஏறக்குறைய ஒன்றுதான். க, ங, ட, ண, ள எல்லாம் வாய்க்குள்ளேயே பிறக்கிற ஒலிகள். எதிரே நிற்பவரின் கண்ணுக்கு அவை அகப்படுவதில்லை.

"காது கேட்காவிட்டால் என்ன, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்களே!" என்பது பரவலாக இருக்கும் நம்பிக்கை. சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2007-இல் வந்த 'மொழி' படத்தில் ஜோதிகா நடித்த அர்ச்சனாவைப் பார்த்துவிட்டு, காது கேளாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்தவர்கள் நிறைய. அர்ச்சனா படித்தவர், நகரத்தில் வாழ்பவர், சுற்றியும் புரிந்துகொள்கிற மனிதர்கள். பள்ளிக்கூடமே போகாத ஐம்பது வயதுக்காரர் ஒருவர், முகக்கவசம் போட்ட மருத்துவர் முன்னால் உட்காரும்போது அந்தப் படம் உதவிக்கு வராது. கதைக்குள் உதட்டைத் தப்பாகப் படித்தால் ஒரு நகைச்சுவைக் காட்சி கிடைக்கும். மருத்துவமனையில் தப்பாகப் படித்தால்?

புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி 16.18 லட்சம் மக்கள். ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் இருப்பவர்கள். கறம்பக்குடி, ஆலங்குடி, மணமேல்குடி, பொன்னமராவதி பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி ஊருக்கு வந்து வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பெண்களுக்கு ராணியார் மருத்துவமனை வெகுகாலமாக இருக்கிறது. 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கட்டடம், கருவி, மருத்துவர் என்று பார்த்தால் முந்தைய தலைமுறைக்கு இருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் இது எந்த ஒரு ஊரின் பிரச்சினையும் இல்லை. தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையாக இருந்தாலும், காது கேளாத ஒருவர் உள்ளே நுழைந்ததும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். காது கேளாதவருக்கு அது தெரியாது. வரிசை அவரைத் தாண்டிப் போய்விடும். எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்பார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? பிரசவ அறையில் எப்போது முக்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் குரலால்தான் சொல்லப்படுகிறது. கடைசியாக மருந்து கொடுக்கும் ஜன்னல். சின்னத் துவாரம், உள்ளே இருட்டு, வெளியே நெரிசல். "இது காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு, சாப்பிட்டப்புறம். இது வெறும் வயித்துல. இது காய்ச்சல் அடிச்சா மட்டும்." பத்து நொடியில் சொல்லி முடித்து அடுத்த சீட்டை வாங்கிவிடுவார்கள். நன்றாகக் காது கேட்பவர்களே பாதியை மறந்துவிடுகிற இடம் அது!

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தில் போகும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் நிறம்தான். இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் நோயாளி நிம்மதியாக இருப்பார். சொல்லப்படாதவர் என்ன நினைப்பார்? ரத்தம் போகிறது என்று நினைப்பார், மாத்திரையை நிறுத்திவிடுவார். காசநோய் மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். அது அவரோடும் நிற்பதில்லை, இருமும்போது அடுத்தவருக்கும் போகும். மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்தார், அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுத்தது, ஒரு வாக்கியம் மட்டும் போய்ச் சேரவில்லை. மொத்த வைத்தியமும் வீண்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. அதுதான் தலையாட்டல். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் காது கேளாதவர் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். புரிந்ததனால் அல்ல. மறுபடி கேட்டால் எதிரில் இருப்பவர் எரிச்சல் அடைவார், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்தத் தலையாட்டலை 'புரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

மருத்துவமனைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். நம் ஊர்களில் சுகாதாரச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். எல்லாமே காதுக்குத்தான்! போலியோ சொட்டு மருந்தா? ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவார்கள். டெங்கு வந்துவிட்டதா? மறுபடியும் மைக். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. மனித மாண்பை நினைத்து எடுத்த நல்ல முடிவு. ஆனால் பறைக்குப் பதிலாக வந்தது வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி. கேட்காதவருக்கு இரண்டுமே ஒன்றுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலைப் புதுக்கோட்டைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னையும் பலாவும் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. புயலுக்குப் பிறகு தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் முகாமுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் உயிர் காக்கும் செய்திகள். காது கேட்பவருக்கு இருட்டிலும் பேச்சு கேட்கும். காது கேளாதவருக்கு இருட்டு என்பது கண்ணும் போன மாதிரி. உதடும் தெரியாது, கையும் தெரியாது. டி.வி. இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. பேரிடர் எல்லோருக்கும் பொதுதான். எச்சரிக்கை பொதுவாக இல்லை.

சரி, இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பதில்கள் தயாராக வரும்.

முதல் பதில்: "எழுதிக் காட்டினால் போதாதா?"

பெரியவரான பிறகு கேட்கும் சக்தியை இழந்தவருக்குப் போதும். அவருக்கு ஏற்கெனவே தமிழ் தெரியும், படிப்பும் இருந்தால் சீட்டில் எழுதினால் போதும். ஆனால் பிறவியிலேயே காது கேளாதவரின் கதை வேறு. குழந்தைகள் தமிழைப் படித்துக் கற்பதில்லை, முதலில் கேட்டுத்தான் கற்கின்றன. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும்போது தமிழ் மனதில் இருக்கிறது, பள்ளிக்கூடம் அதற்கு எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கிறது. கேட்காத குழந்தைக்கோ எழுத்தும் புதிது, மொழியும் புதிது. அவர்களுடைய இயல்பான மொழி சைகை மொழி. அது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல, தனி இலக்கணம் கொண்ட தனி மொழி. 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்', 'தேவைப்பட்டால் மட்டும்' என்ற சொற்களில் வேற்றுமை உருபும் எச்சமும் நமக்குச் சாதாரணம். தமிழை இரண்டாவது மொழியாக, அதுவும் கேட்காமலே, கற்றவருக்கு அவை அவ்வளவு சுலபம் இல்லை. இது அறிவுக் குறைவு அல்ல. ஜப்பானிய மொழியில் எழுதிய மருந்துச் சீட்டைக் கொடுத்தால் நமக்கும் இதே கதிதான்.

இரண்டாவது பதில்: "கூடத்தான் ஆள் வருகிறார்களே?"

வருகிறார்கள். அம்மா வருவார், அண்ணன் வருவார், பல சமயம் பத்து வயது மகளோ மகனோ வருவார்கள். மருத்துவரும் அவர்களைப் பார்த்தே பேசுவார். "இவருக்கு எத்தனை நாளா வலி?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். நோயாளி, தன் உடம்பைப் பற்றிய பேச்சில் மூன்றாம் மனிதர்! வெள்ளைப்படுதல், கருக்கலைப்பு, பால்வினை நோய் பற்றியெல்லாம் ஒரு பெண் தன் மாமியார் வழியாகவா சொல்ல முடியும்? அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அவருடைய சின்ன மகன்தான் சைகையில் சொல்ல வேண்டுமா? எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரகசியம் காக்கப்படும் என்பதுதான் அந்த நம்பிக்கை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ரகசியம் மிஞ்சும்?

இதில் சட்டமும் இருக்கிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புத் தந்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய நோயாளி இருக்கும்போது தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண் காது கேளாதவர் அல்ல. ஆனால் அந்த நியாயம் காது கேளாதவருக்கும் அப்படியே பொருந்தும். கையெழுத்துப் போடுபவருக்கு விஷயம் புரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்தால் போதாது.

மூன்றாவது பதில்: "இப்போதான் காக்ளியர் ஆபரேஷன் வந்துவிட்டதே?"

நல்ல விஷயம்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் அது சின்ன வயதிலேயே செய்து, பிறகு வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் பலன் தரும். பிறவியிலேயே கேளாமல் வளர்ந்து, இப்போது நாற்பது வயதில் சர்க்கரை நோயோடு வருபவருக்கு அது பதில் அல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கேட்கும் திறனில் குறையுள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் சுமார் 2.2 லட்சம் பேர். வயதானதால் காது மந்தமாகி, எந்தக் கணக்கிலும் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் தனி. உலக அளவில் 2050-இல் நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணித்தது. ஆகவே இது 'அவர்கள்' பிரச்சினை மட்டுமல்ல.

அப்படியானால் சைகை மொழி தெரிந்த ஒருவரை வைத்துவிட்டால் முடிந்ததா? அதுவும் முழுப் பதில் இல்லை. இந்திய சைகை மொழி பெரும்பாலும் பள்ளிகளிலும் காது கேளாதோர் சங்கங்களிலும் பழகிப் பழகி வளர்வது. பள்ளிக்கே போகாமல், கிராமத்தில் தன்னைப் போல் இன்னொருவரைப் பார்க்காமலே வளர்ந்தவருக்கு வீட்டுக்குள் உருவான சைகைகள் மட்டும்தான் தெரியும். அவருக்குத் தேவை, இன்னொரு காது கேளாதவர். நுணுக்கமாகச் சைகை செய்யவும், படம் போடவும், நடித்துக் காட்டவும் தெரிந்த, தன் அனுபவத்தால் எதிரில் இருப்பவரின் வீட்டுச் சைகையையும் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒருவர். வெளிநாடுகளில் இப்படிக் காது கேளாதவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாகப் பழக்கி வேலைக்கு வைக்கிறார்கள். அதாவது, காது கேளாதவர்கள் இந்த ஏற்பாட்டின் பயனாளிகள் மட்டுமல்ல. அதை நடத்தக்கூடிய நிபுணர்களும் அவர்கள்தான்.

'இதெல்லாம் நம்ம ஊரில் நடக்கிற காரியமா?' என்று உதடு பிதுக்குபவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில் வைத்திருக்கிறது.

1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்து தெரியாதவர்களிடம் நோட்டீஸ் கொடுத்து 'படிக்க வாருங்கள்' என்று அழைக்க முடியாது அல்லவா? அதனால் பாட்டும் வீதி நாடகமுமாகப் போனார்கள். கல் குவாரியில் வேலை பார்க்கும் பெண்கள் இருந்த இடத்துக்கே போனார்கள். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது அதன் ஒரு பகுதியாகி, நாடே திரும்பிப் பார்த்தது. அந்த இயக்கத்தின் அடிப்படைப் பாடம் எளிமையானது: செய்தி போய்ச் சேரவில்லை என்றால் தவறு கேட்பவரிடம் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது. எழுத்து தெரியாதவருக்காகப் பாட்டைத் தேர்ந்தெடுத்த மாவட்டம், பாட்டு கேட்காதவருக்காகக் கையைத் தேர்ந்தெடுக்க முடியாதா?

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. பெண் பிள்ளை என்பதற்காகக் கல்லூரியில் சேர்க்கவே எதிர்ப்பு இருந்த காலம். அதையும் தாண்டிப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதைப் பெற எப்போது பதிவு செய்ய வேண்டும், எப்போது ஊசி, எப்போது ஸ்கேன், குழந்தையின் அசைவு குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிராம சுகாதார செவிலியர்தான் வாய்வழியாகச் சொல்கிறார். கேட்காத தாய்க்கு அதைச் சொல்ல ஒரு வழி செய்யாவிட்டால், அந்தப் பெயருக்கே அது அழகல்ல.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல:

1. ஓ.பி. சீட்டிலேயே 'காது கேளாதவர்' என்பதற்கு ஓர் அடையாளம். நோயாளி விரும்பினால் மட்டும். அதைப் பார்த்தவுடன் எல்லா அறையிலும் பேசும் முறை மாற வேண்டும். இங்கிலாந்தில் 2016 முதல் அரசு மருத்துவமனைகள், ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த வடிவத்தில் தகவல் வேண்டும் என்பதைக் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும் என்பது விதி.

2. பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்திலெல்லாம் டோக்கன் எண் காட்டும் பலகை. பேங்க்கில் இருப்பது மருத்துவமனையில் இருக்கக் கூடாதா?

3. மருந்து உறையின் மேல் படம். உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா. காலித் தட்டு, சோறுள்ள தட்டு. இது படிக்கத் தெரியாத எல்லோருக்குமே உதவும்.

4. மாவட்டத் தலைமையிடத்தில் வீடியோ வழி சைகை மொழிபெயர்ப்பு. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே வீடியோ வழியாக வாதாடினார். அங்கே முடிந்தது, ஆலங்குடியில் ஒரு செல்போனில் முடியாதா? மருத்துவச் சொற்களுக்கும் சைகை இல்லாமல் இல்லை. 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021-இல் பத்தாயிரம் சொற்களோடு அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது.

5. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு வீடாகப் போகப் பெண் தன்னார்வலர்களை எடுத்தார்கள். இப்படிப்பட்ட பணிகளில் காது கேளாத பெண்களையும் எடுக்க வேண்டும். ஓர் ஒன்றியத்துக்கு ஒருவர் இருந்தாலே போதும், வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவருக்கும் செய்தி போகும்.

6. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். "எப்படிச் சாப்பிடுவீங்க, காட்டுங்க" என்று கேட்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இவை சலுகைகளும் அல்ல. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, மாற்றுத்திறனாளியின் சம்மதம் அவர் விஷயம் தெரிந்து தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதற்குள் எழுத்தையும் பிரெய்லையும் போலவே சைகைகளையும் சேர்த்திருக்கிறது. சட்டம் டெல்லியில் எழுதியாகிவிட்டது. அது மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் வர வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கிற மாணவர்கள் வகுப்பறையில் எத்தனையோ மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதோடு இருபது சைகைகளையும் கற்றுக்கொள்ளலாம். வலி, எங்கே, எத்தனை நாள், காய்ச்சல், வாந்தி, காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின்... ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மொழிபெயர்ப்பாளருக்கு அது மாற்று ஆகாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போகாமல், புரியவில்லை என்று கையை விரித்துக் காட்ட அந்த இருபது சைகைகள் தைரியம் கொடுக்கும்.